‘சீக்கிரம்!’ என்று கத்தியது யார்?

பாரிஸில் மோன்மார்த் குன்றின் உச்சியில், சுற்றுலா வருகிறவர்களின் முகத்தை வரைந்து காசு பார்க்கும் ஓவியர்கள் நிறைந்த சதுக்கத்தில், லா மேர் கத்ரீன் என்றொரு பழைய உணவகம் இருக்கிறது. 1793இல் தொடங்கியதாம். அதன் சுவரில் ஒரு பலகை. 1814 மார்ச் 30ஆம் தேதி ரஷ்யக் குதிரைப்படையினரான கோசாக்குகள் தங்களுடைய புகழ்பெற்ற ‘பிஸ்ட்ரோ’ முழக்கத்தை முதன்முதலில் எழுப்பியது இங்கேதான், நம் பிஸ்ட்ரோக்களின், அதாவது குடிக்கவும் சாப்பிடவும் போகும் சின்னக் கடைகளின், மதிப்புக்குரிய மூதாதை பிறந்ததும் இந்தக் குன்றில்தான் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். ஊரிலிருந்து யார் வந்தாலும் மோன்மார்த்துக்குக் கூட்டிப் போகாமல் விடுவதில்லை என்பதால் இந்தப் பலகையின் முன்னால் கொடி பிடித்தபடி வழிகாட்டிகள் சொல்லும் கதை எனக்கு மனப்பாடம். நெப்போலியன் தோற்றான், ரஷ்யப் படை பாரிஸுக்குள் வந்தது, சிப்பாய்கள் பணியில் இருக்கும்போது குடிக்கக் கூடாது என்று உத்தரவு, அதனால் அதிகாரி கண்ணில் படுவதற்குள் ஒரு கோப்பை உள்ளே போக வேண்டும் என்று ‘பிஸ்த்ரா, பிஸ்த்ரா’ என்று மேசையைத் தட்டினார்கள், ரஷ்ய மொழியில் அதற்கு ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று பொருள், அதுவே கடைக்குப் பெயராகிவிட்டது. கூட்டம் ஆகா என்று தலையாட்டும், போட்டோ எடுக்கும், நகரும்.

நல்ல கதைதான். ஆனால் பலகையில் இருக்கும் தேதியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மார்ச் 30 அன்று மோன்மார்த்தில் நடந்தது சண்டை. குன்றின் மேல் பிரெஞ்சுப் பீரங்கிகள், கீழிருந்து ஏறி வருவது ரஷ்யப் படை. பாரிஸ் சரணடையும் ஒப்பந்தம் கையெழுத்தானது மறுநாள் விடியற்காலையில், ஜார் அலெக்சாந்தர் குதிரையில் நகருக்குள் நுழைந்தது 31ஆம் தேதி காலையில். ஆக, பலகைப்படி பார்த்தால் குன்றைப் பிடித்த கையோடு, புகை அடங்குவதற்குள், சிப்பாய்கள் நேராக மேசையில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். இன்னொரு வேடிக்கை, குன்றைப் பிடித்த ரஷ்யப் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிய லான்ஜெரோன் ஒரு பிரெஞ்சுப் பிரபு. புரட்சிக் காலத்தில் ரஷ்யச் சேவகத்தில் சேர்ந்துவிட்டவர். சரக்கு கேட்பதென்றால் அவரையே பிரெஞ்சில் கேட்கச் சொல்லியிருக்கலாம்.

தேதியை விடுங்கள், பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. இந்தச் சொல் அச்சில் முதன்முதலாகக் கண்ணில் படுவது 1884இல். ரொக்கெத் சிறையில் கைதிகளுக்குப் பாதிரியாராக இருந்த ஒருவர் எழுதிய நினைவுக் குறிப்புகளில் வருகிறது. 1814க்கும் 1884க்கும் நடுவில் முழுதாக 70 வருடம். அந்த 70 வருடத்தில் பாரிஸைப் பற்றி எழுதப்படாத விஷயமே இல்லை. மதுக்கடை, குடிகாரன், திருடர்களின் கொச்சை மொழி என்று எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள், கொச்சைச் சொற்களுக்கென்றே அகராதிகள் போட்டார்கள். நகரமெல்லாம் புழங்கிய ஒரு சொல் இத்தனை பேனாக்களுக்கும் தப்பி ஒளிந்துகொண்டிருந்தது என்று என்னால் நம்ப முடியவில்லை, அகராதிக்காரர்களில் பெரும்பாலோரும் நம்புவதில்லை. ஒலியும் இடிக்கிறது. ரஷ்ய மொழியில் அந்தச் சொல்லைக் கடைசியில் ஓ போட்டு எழுதினாலும் முதல் அசையில்தான் அழுத்தம், முடிவு கிட்டத்தட்ட ‘அ’ என்றுதான் கேட்கும். பிரெஞ்சுக்காரர்கள் காதால் கேட்டு எடுத்திருந்தால் ‘பிஸ்த்ரா’ என்று எடுத்திருப்பார்கள். சிப்பாய் எழுதிக் காட்டியா சரக்கு கேட்டான்?

அப்படியானால் எங்கிருந்து வந்தது? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். வட பிரான்சில் காபியில் சாராயம் ஊற்றிக் குடிக்கும் பழக்கம் உண்டு, அதற்கு பிஸ்தூய் என்று பெயர், அதிலிருந்து வந்தது என்று ஒரு கட்சி. மேற்கே புவாத்து வட்டாரத்தில் எடுபிடிப் பையனை பிஸ்த்ரோ என்பார்கள், மதுக்கடையில் எடுபிடி வேலை செய்தவனைக் குறித்தது பிறகு கடைக்காரனுக்கே ஆகிவிட்டது என்று இன்னொரு கட்சி. எனக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது, ஏனென்றால் முதலில் இந்தச் சொல் குறித்தது கடையை அல்ல, ஆளை. மதுக்கடை நடத்துகிறவன்தான் பிஸ்ட்ரோ. கொஞ்சநாள் கழித்துத்தான் ‘பிஸ்ட்ரோவிடம் போவது’ என்பது ‘பிஸ்ட்ரோவுக்குப் போவது’ ஆனது. அதோடு, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸ் தெருவில் எதை எடுத்தாலும் வெட்டிச் சுருக்கி ஓ சேர்ப்பது ஒரு ஃபேஷன். மெக்கானிக்கை மெக்கானோ என்பார்கள், சாப்பாட்டுக்கு முன் குடிக்கும் அபெரித்தீஃபை அபெரோ என்பார்கள். பிஸ்ட்ரோவின் கடைசியில் ஒரு டி (t) போட்டு எழுதுவதா வேண்டாமா என்ற சண்டை இன்றுவரை ஓடுகிறது. இரண்டு வடிவமும் சரிதான், உச்சரிப்பில் டி கிடையாது.

முடிவான விடை எதுவும் இல்லை. ஆனால் எனக்கு எரிச்சல் அதில் இல்லை. வந்து, கத்திவிட்டு, இரண்டு மூன்று மாதத்தில் கிளம்பிப் போன படைக்குப் பலகை வைத்திருக்கிறார்கள். பாரிஸுக்குப் பிழைக்க வந்து, முதுகில் மூட்டை தூக்கி, இந்தக் கடைகளை உண்மையிலேயே உருவாக்கியவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் கதையைக் கொடி பிடிக்கும் வழிகாட்டி சொல்வதில்லை.

அவர்கள் ஓவெர்ன்யக்காரர்கள். பிரான்சின் நடுவில் இருக்கும் மேட்டு நிலம் அது, எரிமலைப் பாறை, ஏழை மண், நீண்ட குளிர்காலம். பக்கத்து அவெய்ரோன் மாவட்டத்தாரையும் பாரிஸ்காரர்கள் இவர்கள் கணக்கில்தான் சேர்ப்பார்கள். பனிக்காலத்தில் வயலில் வேலை இல்லாததால் பாரிஸுக்கு நடந்து வந்தார்கள். வீடுகளுக்குக் குழாயில் தண்ணீர் வராத காலம். ஊற்றிலிருந்தும் ஆற்றிலிருந்தும் வாளியில் எடுத்து ஐந்தாறு மாடி ஏற்றிக் கொடுப்பதுதான் இவர்களின் முதல் தொழில். குளிக்கிறவர்களுக்கு வெந்நீரும் சுமந்தார்கள். குழாய் வந்ததும் அந்தப் பிழைப்பு போயிற்று, அப்புறம் அதே முதுகில் விறகும் கரியும் ஏறின. கரிக்கடையின் ஒரு மூலையில் மனைவி ஒரு பலகை போட்டு ஒயின் ஊற்ற ஆரம்பித்தாள். கணவன் கரி மூட்டையோடு மாடி ஏறிக்கொண்டிருக்க, கடையைப் பார்த்துக்கொண்டது அவள்தான். கடை முகப்பில் ‘ஒயின், கரி’ என்று இரண்டையும் சேர்த்தே எழுதிவைத்தார்கள். இவர்களுக்குப் பாரிஸ்காரர்கள் வைத்த பட்டப்பெயர் பூஞ்ஞா. கரிக்காரன் என்பதையும் ஓவெர்ன்யக்காரன் என்பதையும் பிசைந்து, அவர்கள் பேச்சைக் கிண்டல் செய்து உண்டாக்கியது.

கரி வாங்க வந்தவன் ஒரு கோப்பை குடித்தான், குடித்தவனுக்குப் பசித்தது, ஊரிலிருந்து வந்த தொத்திறைச்சியையும் பாலாடைக்கட்டியையும் வெட்டி வைத்தார்கள், கூடவே வீட்டுக்கு ஆக்கிய குழம்பில் ஒரு தட்டு. பிஸ்ட்ரோ சமையல் என்று இன்று மெனக்கெட்டுச் சொல்லப்படுவதெல்லாம் இதுதான்: காலையில் அடுப்பில் ஏற்றி மறந்துவிடக்கூடிய சமையல். மலிவான, நார் மிகுந்த இறைச்சி, நிறைய நேரம், கொஞ்சம் ஒயின். சமையல்காரன் என்று தனி ஆள் கிடையாது, பட்டியலும் கிடையாது, இன்றைக்கு என்ன என்பதைக் கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதினால் போதும். அந்தப் பலகைதான் ஆர்துவாஸ். கடன் சொல்லிச் சாப்பிடுகிறவனின் கணக்கும் பலகையில்தான் ஏறும், அதனால் கடையில் பாக்கி வைத்திருப்பவனை ‘அவனுக்கு அங்கே ஒரு ஆர்துவாஸ் இருக்கிறது’ என்பார்கள். நம்மூர் மளிகைக்கடை நோட்டு மாதிரி.

இந்தக் கரிக்காரர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. 1882லேயே பாரிஸில் வாழும் ஓவெர்ன்யக்காரர்களுக்கென்று தனிப் பத்திரிகை நடத்தத் தொடங்கிவிட்டார்கள். கடை விற்பனைக்கு வந்தால் ஊர்க்காரனுக்குத் தகவல் போகும், ஊர்க்காரன் கடன் கொடுப்பான், அண்ணன் கடையில் எடுபிடியாக வந்த தம்பி சில வருடத்தில் தனிக்கடை போடுவான். இலக்கியவாதிகள் உட்கார்ந்து பேர் வாங்கிய சான்ஜெர்மன் பகுதிக் கடைகளைக்கூடப் பின்னால் பார்த்தால் இவர்கள்தான். லிப் என்ற கடையை 1920இல் வாங்கிய மார்செலின் காஸ் அவெய்ரோன்காரர். பக்கத்திலிருக்கும் ஃப்ளோரை 1939இல் வாங்கிய போல் பூபாலும் ஓவெர்ன்ய வட்டாரத்து ஆள்.

லிப் என்று சொன்னதும் பிராஸ்ஸரிக்கு வர வேண்டும், ஏனென்றால் லிப் பிஸ்ட்ரோ இல்லை. வித்தியாசம் என்னவென்று கேட்டால் பலருக்கும் சட்டென்று சொல்லத் தெரியாது. பிராஸ்ஸரியின் பெயரில் மர்மம் எதுவும் கிடையாது, பீர் வடிக்கும் இடம் என்பதுதான் நேர்ப்பொருள். பீர் பாரிஸுக்குப் புதிதல்ல, ஆனால் அதைப் பெரிய கண்ணாடி மண்டபத்தில் வைத்து, காலையிலிருந்து நள்ளிரவு வரை இடைவிடாமல் சாப்பாடும் போட்டு ஒரு பாணியாக்கியவர்கள் ஜெர்மன் எல்லையோரத்து அல்சாஸ்காரர்கள். ஃப்ரெதெரிக் போஃபாங்கே பஸ்தீல் பக்கத்தில் 1864இல் சின்னதாகத் தொடங்கியது இன்றும் இருக்கிறது. ஆனால் பெரிய அலை வந்தது தோல்விக்குப் பிறகு. 1870 போரில் பிரஷ்யாவிடம் பிரான்ஸ் தோற்று, 1871இல் அல்சாஸும் லொரேனின் ஒரு பகுதியும் ஜெர்மனிக்குப் போயின. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் 1872 அக்டோபருக்குள் முடிவு செய்து ஊரைவிட்டுக் கிளம்பு என்றார்கள். கிளம்பியவர்களில் பலர் பாரிஸுக்கு வந்தார்கள், தங்கள் பீரோடும், புளித்த முட்டைக்கோஸின் மேல் பன்றி இறைச்சி வகைகளைக் குவித்து வைக்கும் ஷூக்ரூத்தோடும். லெயோனார் லிப் 1880இல் சான்ஜெர்மன் சாலையில் கடை போட்டபோது அதற்கு வைத்த பெயர் ‘ரைன் கரை பிராஸ்ஸரி’. இழந்த ஊரின் ஆற்றைப் பெயரில் வைத்துக்கொண்டவரிடம் சாப்பிட வந்தவர்களில் எத்தனை பேருக்கு அது உறைத்ததோ.

பிஸ்ட்ரோவில் மத்தியானம் இரண்டரைக்கு மேல் போனால் சமையற்கட்டு மூடிவிட்டது என்று கையை விரிப்பார்கள், பிராஸ்ஸரியில் நான்கு மணிக்கும் தட்டு வரும். விலை கூடுதல், பரிமாறுகிறவர் வெள்ளை ஏப்ரன் கட்டியிருப்பார். நடைமுறையில் இதுதான் வித்தியாசம். ஆனால் இன்று பிஸ்ட்ரோ என்று பலகை மாட்டிய பாதிக் கடைகள் பிராஸ்ஸரி போலவும், பிராஸ்ஸரி என்று மாட்டியவை வெறும் காபிக்கடை போலவும் இருப்பதால் இந்த இலக்கணத்தை ரொம்ப நம்ப வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்த பெயர் புய்யோன். இறைச்சியையும் எலும்பையும் கொதிக்கவைத்து எடுக்கும் ரசம்தான் புய்யோன், அந்த ரசம் விற்ற கடைக்கும் அதே பெயர். இதில் ஒரு சுற்று இருக்கிறது. ரெஸ்டாரன்ட் என்ற சொல்லே 18ஆம் நூற்றாண்டில் ஒரு கடையைக் குறிக்கவில்லை, உடம்பைத் தேற்றும் கெட்டி ரசத்தைக் குறித்தது. உடல் நொந்தவர்களுக்கு அந்த ரசத்தைத் தனி மேசையில் வைத்துக் கொடுக்கும் இடங்கள் 1760களில் பாரிஸில் தோன்றின, ரசத்தின் பெயர் இடத்துக்கு ஒட்டிக்கொண்டது. இதற்கும் ஒரு கட்டுக்கதை உண்டு. பூலாஞ்சே என்ற ஒருவர் ஆட்டுக்கால் சாஸ் விற்று, சமையல்காரர் சங்கம் வழக்குப் போட்டு, அவர் ஜெயித்து, அதனால் உலகின் முதல் ரெஸ்டாரன்ட் பிறந்ததாம். ரெபெக்கா ஸ்பாங் என்ற வரலாற்றாசிரியர் ஆவணங்களைத் தோண்டிப் பார்த்து அப்படி ஒரு வழக்குக்குத் தடயமே இல்லை என்று சொல்லிவிட்டார். அவர் கைகாட்டுவது ரோஸ் த ஷாந்துவாசோ என்ற வியாபார மூளைக்காரரை. சாப்பாட்டு வரலாற்றில் ஆவணம் ஒரு பக்கம் இருக்கும், எல்லோரும் சொல்லும் கதை இன்னொரு பக்கம் இருக்கும், மேசையில் எடுபடுவது எப்போதும் கதைதான்.

நூறு வருடம் போல ஓடியது, ரெஸ்டாரன்ட் பணக்காரர் இடமாகிவிட்டது. 1850களில் பத்தீஸ்த் அதோல்ஃப் துவால் என்ற கசாப்புக் கடைக்காரருக்கு ஒரு சங்கடம். வசதியானவர்கள் நல்ல துண்டுகளை வாங்கிப் போய்விடுகிறார்கள், மிச்சத்தை என்ன செய்வது? வேகவைத்து, ரசத்தையும் இறைச்சியையும் மத்தியச் சந்தையில் வேலை செய்யும் கூலிக்காரர்களுக்குக் குறைந்த விலைக்குப் போட்டார். கூட்டம் அள்ளியது. சுத்தமான மேசை, நிலையான விலை, கறுப்பு உடையும் வெள்ளை ஏப்ரனும் தொப்பியுமாகப் பரிமாறும் பெண்கள். கிளைமேல் கிளை திறந்தார். ஒரே பெயரில் பல கிளை நடத்துவதைப் புது வியாதி என்று புலம்புகிறவர்கள் துவாலைப் பார்க்க வேண்டும்.

அந்த வழியில் வந்ததுதான் 1896இல் திறந்த ஷார்த்தியே. ஃபோபூர் மோன்மார்த் தெருவில் ஒரு சந்துக்குள் நுழைந்தால் ரயில் நிலையம் போல ஒரு கூடம், உயரத்தில் கண்ணாடிக் கூரை, தலைக்கு மேலே பித்தளைக் கம்பிகளாலான பை வைக்கும் தட்டுகள். சுவரோரம் எண் போட்ட சின்னச் சின்ன இழுப்பறைகள் இருக்கும். தினமும் வருகிறவர்கள் தங்கள் துணி நாப்கினை அதில் வைத்துவிட்டுப் போவார்களாம். தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்காரவைப்பார்கள், முகம் சுளித்துப் பிரயோசனமில்லை. ஆர்டரை மேசைமேல் விரித்த காகிதத்திலேயே கிறுக்குவார் பரிமாறுகிறவர், கடைசியில் உங்கள் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, எண்ணெய்க் கறைக்குப் பக்கத்தில் விலைகளை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதி மனக்கணக்காகக் கூட்டிக் கோடு போடுவார். பில் அதுதான். கிழித்து எடுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு.

அங்கே நான் எப்போதும் கேட்பது முட்டை மயோனைஸ். கேட்டால் சிரிப்பீர்கள், அவித்த முட்டையை இரண்டாக வெட்டிக் கவிழ்த்து மேலே மயோனைஸ் ஊற்றினால் முடிந்தது. ஆனால் மஞ்சள் கரு பச்சை வளையம் கட்டாமல் வேக வேண்டும், மயோனைஸில் கடுகு மூக்கில் ஏற வேண்டும், அது முட்டையை மூடியபடி நிற்க வேண்டும், வழிந்து தட்டில் குளம் கட்டக் கூடாது. இந்த ஒரு பதார்த்தத்தைக் காப்பாற்றுவதற்கென்றே பிரான்சில் ஒரு சங்கமும் அது நடத்தும் போட்டியும் இருக்கின்றன, விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

லியோனுக்குப் போனால் இதே மாதிரிக் கடைக்கு புஷோன் என்று பெயர். பாட்டில் மூடிக்கும் அதே சொல் என்பதால் ஒயின் கார்க்கோடு முடிச்சுப் போடுகிறார்கள், அது தப்பு. மது கிடைக்கும் என்பதற்கு அடையாளமாகச் சத்திர வாசலில் தொங்கவிட்ட வைக்கோல் கட்டு அல்லது கிளைக்கொத்துதான் புஷோன். பட்டு நெசவாளிகளின் ஊர் என்பதால் ஈரல், குடல், இரைப்பை என்று கசாப்பில் மிஞ்சுவதெல்லாம் தட்டுக்கு வரும். ஒயினை 46 சென்டிலிட்டர் பிடிக்கும், அடிப்பாகம் தடித்த புட்டியில் வைப்பார்கள். வயிறு பலமுள்ளவர்கள் போய்வாருங்கள்.

பாரிஸுக்கே வருகிறேன். ஓவெர்ன்யக்காரர்களின் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போனார்கள். அவர்கள் விட்ட கல்லாவில் அல்ஜீரியாவின் கபில் மலைக்காரர்கள் பலர் உட்கார்ந்தார்கள், பிறகு சிகரெட் உரிமம் உள்ள மூலைக்கடைகளில் சீனர்கள். உள்ளே, சமையற்கட்டில், எண்பதுகளிலிருந்து நம்மவர்கள், இலங்கைப் போரில் ஊரைவிட்டு வந்த தமிழர்கள். லா ஷப்பல் பக்கம் ஃபோபூர் சான்தெனி தெருவில் சேலைக்கடையும் கொத்துரொட்டியுமாக அவர்கள் கடைகளைப் பார்த்துவிட்டு ‘குட்டி யாழ்ப்பாணம்’ என்று எழுதுகிறவர்கள், அந்தத் தெருவில் குடியிருப்பவர்களில் எத்தனை பேர் இரவு பன்னிரண்டு மணிக்குப் பிராஸ்ஸரிச் சமையற்கட்டைக் கழுவிவிட்டு மெட்ரோவில் திரும்புகிறார்கள் என்பதை எழுதுவதில்லை. அலுவலகத்துக்குப் பக்கத்தில் நான் மத்தியானம் சாப்பிடும் ஒரு பிஸ்ட்ரோவின் பின்வாசலில் சிகரெட்டோடு நின்றிருந்தவர், நான் போனில் அம்மாவிடம் பேசுவதைக் கேட்டுவிட்டு, “தம்பி தமிழோ?” என்றார்.

“ஆமாண்ணே. சென்னை.”

“நான் வந்த புதுசில கோப்பை கழுவத்தான் உள்ளுக்கு விட்டவங்கள். பிறகு சலாட் வெட்டினன். இப்ப சமையல் முழுக்க என்ர கைதான். நீர் இண்டைக்கு என்ன சாப்பிட்டனீர்?”

பர்கண்டி ஒயினில் வேகவைத்த மாட்டிறைச்சி என்றேன். முதல் நாளே ஊறப்போட்டு, காலையில் எட்டு மணிக்கே அடுப்பில் வைத்துவிட வேண்டும், முதலாளி அவசரப்படுத்தினால் தான் கேட்பதில்லை என்றார். “அவசரப்பட்டால் இறைச்சி செருப்புத்தோல் மாதிரி வரும்.”

2023இல் பாரிஸின் சிறந்த பகெத் ரொட்டிக்கான பரிசை வாங்கி, ஒரு வருடம் ஜனாதிபதி மாளிகைக்கு ரொட்டி கொடுத்த தர்ஷன் செல்வராஜாவை எல்லோருக்கும் தெரியும். ரொட்டிக்குப் போட்டி இருக்கிறது, பேர் கிடைக்கிறது. குழம்பு வைக்கிறவர் பேர் கரும்பலகையில் வருவதில்லை.

பிஸ்ட்ரோக்கள் குறைந்துகொண்டே போகின்றன. 1960இல் பிரான்சில் காபிக்கடையும் பிஸ்ட்ரோவுமாகச் சுமார் 2 லட்சம் இருந்தனவாம், இன்று 40,000 தேறினால் அதிகம். கிராமங்களில் கடைசிக் கடை மூடினால் கடிதம் வாங்க, சீட்டு விளையாட, நாலு பேர் முகம் பார்க்க இடமில்லாமல் போகிறது. இன்னொரு பக்கம் பெயர் மட்டும் கொழுத்துக்கொண்டு வருகிறது. 1992இல் ஈவ் காம்தெபோர்த் என்ற பெரிய ஹோட்டல் சமையல்காரர் பாரிஸ் ஓரத்தில் லா ரெகலாத் என்ற சின்னக் கடையை எடுத்து நல்ல சாப்பாட்டை மலிவாகப் போட்டார், அவர் பின்னால் ஒரு கூட்டமே வந்தது, அதற்கு பிஸ்ட்ரோனமி என்று பெயரும் வைத்தார்கள். அதுவரை சரி. இப்போது அந்தப் பெயரைச் சொல்லியே மூன்று காரட்டை நட்டுவைத்த தட்டுக்கு முப்பது யூரோ கேட்கிறார்கள். நம்மூரிலும் பீட்சாவும் கோல்ட் காபியும் விற்கிற இடத்துக்கு பிஸ்ட்ரோ என்று பலகை மாட்டுகிறார்கள், யார் கேட்பது?

நல்ல செய்தி என்னவென்றால் புய்யோன் திரும்பி வந்துவிட்டது. 2017இல் பிகாலில் ஒன்று திறந்தது, அப்புறம் ரெபுப்ளிக்கில் ஒன்று, இப்போது வெளியூர்களிலும். வருகிறவர்கள் அங்கேயே போங்கள். சைவம் என்றால் வினிகிரெட் ஊற்றிய லீக் தண்டு, செலரிக் கிழங்கை மயோனைஸில் பிசைந்த ரெமூலாத் (முட்டை சேரும்), பொரித்த உருளை என்று ஒப்பேற்றலாம். வெங்காய சூப்பை நம்பி ஏமாறாதீர்கள், பெரும்பாலும் மாட்டு எலும்பு ரசத்தில்தான் வைக்கிறார்கள். குழாய்த் தண்ணீர் கராஃப் என்ற கண்ணாடிக் குடுவையில் கேட்டால் இலவசம், ரொட்டிக்கும் காசு இல்லை. காபியை மட்டும் மேசையில் குடிக்காமல் வேறொரு மூலைக்கடையின் துத்தநாகக் கவுண்டரில் நின்றபடி குடியுங்கள், விலை குறைவு. துத்தநாகம் என்று பேர்தான், பழைய கவுண்டர்களில் பாதிக்கு மேல் தகரக் கலவை. ஷார்த்தியேவில் முன்பதிவு கிடையாது. பதினொன்றரைக்குத் திறக்கிறார்கள், பன்னிரண்டுக்கு முன்னால் போனால் வரிசை வாசலோடு நிற்கும், ஒரு மணிக்குப் போனால் தெருவரை வந்திருக்கும்.